கடுகளவு குமிழி

அந்தக் கடைக்குள் தூசி வருவதில்லை. தப்பித்தவறி வந்துவிட்டாலும், சுற்றுமுற்றும் பார்த்து, நமக்கு இங்கே வேலையில்லை என்று புரிந்துகொண்டு வந்த வழியே போய்விடும். தரை அப்படிப் பளபளக்கும். பக்கத்து பேக்கரிக்காரர் காலையில் கடை திறக்குமுன் இங்கே வந்து, தரையைப் பார்த்துத்தான் தலை வாருவார். சீப்பை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவார்.

கார்களைக் குளிப்பாட்டித் துடைத்து, மெருகேற்றி, மெழுகோ பூச்சோ போட்டு, உள்ளேயிருக்கும் தோல் இருக்கைகளுக்கு கிரீம் தடவி, புதுமாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைக்கிற கடை அது. நடத்துகிறவர்கள் மூன்றே பேர். முன்பக்கம் அக்கா, விற்பனை அலமாரியும் கார்களின் உட்புறமும் அவள் ராஜ்ஜியம். பின்பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஃபிலிம் அறையில் அவள் புருஷன். இரண்டுக்கும் நடுவில், வேக்யூம் குழாயை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அக்காவின் தங்கை, சின்னவள். அவள் அவரை அத்தான் அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது பேக்கரிக்காரர், தபால்காரர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் எல்லோருக்குமே அவர் அத்தான்தான். சொந்தப் பெயர் என்னவென்று அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அக்காவின் அலமாரியில் டேஷ்போர்டுக்கு ஒரு குப்பி, கண்ணாடிக்கு ஒரு குப்பி, தோலுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். எது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. முன்பு ஒருத்தர் டயர் பாலிஷை ஸ்டியரிங்கில் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டியரிங் கையில் நிற்காமல் வழுக்க, தன் வீட்டுத் தெருவில் திரும்ப முடியாமல் நேராகவே போய், கடைசியில் மாமியார் வீட்டு வாசலில்தான் நிறுத்தினார். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியார். இப்போது ஒற்றுமையாகிவிட்டார்கள் என்றாலும், அக்கா அதை ஒரு விபத்தாகத்தான் கணக்கில் வைத்திருந்தாள்.

ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஃபிலிம்தான். காரின் பெயிண்ட் மேல் இன்னொரு தோல் போல ஒட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். ரோட்டில் தெறிக்கிற கல் அதில் படும், பெயிண்டில் படாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, படலத்தை அதன் மேல் மிதக்கவிட்டு, ரப்பர் பட்டையால் தண்ணீரையும் காற்றையும் தள்ளித் தள்ளி வெளியேற்றி, ஓரங்களைச் சூடுகாட்டி உள்ளே மடித்துவிட வேண்டும். மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலும் குமிழி எழும்பிவிடும்.

இதில் அத்தானுக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தக் காரிலும் ஒரே ஒரு குமிழியை, கடுகளவு, வேண்டுமென்றே விட்டுவைப்பார். பெரும்பாலும் பின்பக்கம், கீழ் ஓரத்தில். கார்க்காரர் வருவார். சுற்றிச் சுற்றி வந்து தேடுவார். கண்டுபிடிப்பார். உடனே முகம் பூரித்து, என்னங்க இது, குமிழி இருக்கே என்பார். அத்தான் தலையில் அடித்துக்கொள்வார். நாலாயிரம் கார் பார்த்த கண்ணுக்குத் தப்பியது உங்கள் கண்ணுக்குத் தப்பவில்லையே என்பார். ஊசி முனையால் ஒரு குத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. குமிழி போயிற்று. கார்க்காரர் தன்னைப் பெரிய நிபுணனாக நினைத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் கடையைப் பற்றிச் சொல்வார். குறை கண்டுபிடிக்க இடம் கொடுத்தால்தான் மனுஷனுக்கு நிம்மதி என்பது அத்தானின் வேதாந்தம்.

சின்னவளுக்கு அந்தக் குமிழியைக் கண்டால் பாயசத்தில் கல் கடித்த மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துப் பார்த்தே அவள் ஃபிலிம் ஒட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். மிச்சம் விழுந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டினாள், பீரோவில் ஒட்டினாள், குக்கர் மூடியில் ஒட்டினாள். அக்காவின் கைப்பைக்கும் ஒட்டிவிட்டதில் அக்கா இரண்டு நாள் ஜிப்பைத் தேடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூங்கிக்கொண்டிருந்த அத்தானின் வழுக்கையை நோக்கிச் சின்னவள் ரப்பர் பட்டையோடு மெல்ல நடந்துபோனதாகவும், அக்கா குறுக்கே விழுந்து தடுத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. சின்னவள் அதை மறுத்ததில்லை.

நகரின் இன்னொரு மூலையில் ஒரு பெரிய கடை. அவள் கைவேலையை எப்படியோ கேள்விப்பட்டு, அவர்களுடைய ஃபிலிம் அறைக்கு அவளை வரச்சொல்லிக் கேட்டுவிட்டார்கள். அவளுக்குப் போக இஷ்டமில்லை. அக்காவை விட்டுப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு சண்டை போடுவது? ஆனால் வேக்யூம் குழாயைச் சுமந்தே காலம் தள்ளவும் இஷ்டமில்லை. ஃபிலிம் அறை எனக்கு, இல்லையென்றால் நான் அங்கே, என்று ஒரு திங்கட்கிழமை சொல்லிவிட்டாள். அத்தான் சிரித்தார். குமிழி விடத் தெரியாதவளுக்கு ஃபிலிம் அறை எதற்கு என்றார். பேச்சு வளர்ந்தது, குரல் உயர்ந்தது. அக்கா ஒரு குப்பியை மேசையில் தட்டிப் பஞ்சாயத்து செய்தாள். அடுத்து வருகிற கார் சின்னவளுடையது. குமிழி வைக்கமாட்டாள். கார்க்காரர் ஒரு குறையும் சொல்லாமல் வண்டியை எடுத்துப் போனால் ஃபிலிம் அறை அவளுக்கு. குறை சொன்னால் அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், இல்லை கிளம்பிப் போக வேண்டும்.

அடுத்து வந்த காரைப் பார்த்ததும் அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கருநீல ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதில் ஏறுவதென்றால் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். இரண்டே இருக்கை, அதுவும் பால் நிறத் தோல். அதிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தவர் வைரக்கடைக்காரர். முப்பது வருஷமாக ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக் கல் பார்த்துப் பார்த்து, லென்ஸ் இல்லாத நேரத்திலும் அந்தக் கண் சுருங்கியே இருக்கும். தூங்கும்போதும் அந்த ஒரு கண்ணால் கூரையில் விரிசல் தேடுவாராம். நகரத்திலேயே குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“வேணும்னா இந்த வண்டியை நான் எடுத்துக்கறேன், நீ அடுத்ததுல ஆரம்பி,” என்றார் அத்தான், பெருந்தன்மையாக.

“வேண்டாம் அத்தான். சின்னக் குழந்தைகிட்ட ஜெயிச்சேன்னு நாளைக்கு நீங்க சொல்லிடுவீங்க,” என்றாள் சின்னவள்.

ஃபிலிம் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். விசிறியை நிறுத்தினாள், தலைமுடியைத் துணியால் கட்டினாள், ஸ்வெட்டர் நூல் உதிரும் என்று குளிரிலும் அரைக்கை போட்டுக்கொண்டாள். ஓரங்களை எங்கும் வெட்டுத் தெரியாமல் கதவு இடுக்குக்குள், விளக்கின் பின்னால், பானெட்டின் அடிப்பக்கம் என்று மடித்து மடித்துச் சூடுகாட்டி அமுக்கினாள். அவள் மூச்சுவிட்டது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அக்கா கதவில் தட்டி, உயிரோடுதான் இருக்கியா என்று இடையிடையே கேட்டுக்கொண்டாள். அத்தான் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கத்தில், சரியாக அவர் மூக்கின் உயரத்தில், தினமும் ஒரு மூக்குத் தடம் இருந்தது.

அதே நாட்களில், காரிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவைத்து அக்கா முடித்த வேலை பால் நிற இருக்கைகள். மெல்லிய பிரஷால் அழுக்கெடுத்து, கிரீம் ஊட்டி, மேலே ஒரு காப்புப் பூச்சு கொடுத்திருந்தாள்.

கார் எடுக்கும் நாளன்று வைரக்கடைக்காரர் புத்தம்புது நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா வாசலிலேயே மறித்து, ஈரமான வெள்ளைத் துணியால் அவர் தொடையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். துணியில் நீலம் ஏறியது. இந்தக் கால்சட்டையோடு பால் நிறத் தோலில் உட்கார்ந்தால் அது மோர் நிறமாகி, அப்புறம் மை நிறமாகிவிடும் என்று சொல்லி, இருக்கைக்கு ஒரு வெள்ளைத் துண்டு விரித்துக் கொடுத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தன்னை யாரும் இப்படிச் சோதித்ததில்லை என்று அவர் முணுமுணுத்தார். ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது. இப்படிச் சந்தேகப்படுகிறவர்களைத்தான் அவர் மதிப்பார்.

பிறகு லென்ஸைக் கண்ணில் மாட்டினார். காரைச் சுற்ற ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். வைரக்கடைக்காரர் பானெட்டில் மூக்கு உரச நகர்ந்தார். பம்பரின் கீழே படுத்தார். கதவைத் திறந்து இடுக்கைப் பார்த்தார். டார்ச் அடித்தார், டார்ச்சை அணைத்துவிட்டு விரலால் தடவினார். அத்தான் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். சின்னவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டிய கைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன.

மூன்றாவது சுற்று முடிந்து அவர் நிமிர்ந்தார். லென்ஸைக் கழற்றினார். முகம் கறுத்திருந்தது.

“ஃபிலிம் எங்கே?” என்றார்.

போட்டிருக்கிறோம் என்றாள் சின்னவள். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். தன் தொழிலில் முதல் பாடமே அதுதான் என்று விளக்கினார்: மண்ணுக்குள்ளிருந்து வந்த கல் என்றால் அதற்குள் ஒரு ரேகையாவது, ஒரு புள்ளியாவது இருந்தே தீரும். எங்கே தேடியும் குறையில்லை என்றால் அது வைரமில்லை, வெறும் கண்ணாடி. இந்தக் காரில் ஓரமில்லை, வெட்டில்லை, குமிழியில்லை. ஆகவே ஃபிலிமும் இல்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டு ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று அவர் சொன்னபோது, அத்தானின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. கடையின் மானம் வேறு, பந்தயம் வேறு. அவரும் எழுந்து வந்து, என் மச்சினி அப்படிப்பட்டவள் இல்லை என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை லென்ஸில் பார்க்க முடியாது என்றார் வைரக்கடைக்காரர்.

சின்னவள் உள்ளே போனாள். அக்காவிடம் டீ போடுகிற கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னாள். திரும்பி வரும்போது அவள் கையில் பித்தளைக் கம்பி பிரஷ் இருந்தது, துரு தேய்க்கிற பிரஷ். அவள் பானெட்டின் பக்கத்தில் நின்றாள், கையை ஓங்கினாள், கருநீலத்தின் நட்டநடுவில் பரபரவென்று நாலு இழுப்பு இழுத்தாள்.

வைரக்கடைக்காரரிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தம் இல்லை. நாலு தெரு தள்ளி ஒரு குழந்தை அழுகையை நிறுத்தி, என்ன இது, நம்மைவிடப் பலமாக என்று காதுகொடுத்ததாம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பளபளப்பான தரையில் அவர் உட்கார்ந்ததும் அவருக்குக் கீழே இன்னொரு வைரக்கடைக்காரர் தலைகீழாக உட்கார்ந்து வாயைப் பிளந்தார். பானெட்டில் பூனைக் கூட்டம் சண்டை போட்ட மாதிரி ஒரு கீறல் மண்டலம். பேக்கரிக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தார்.

கெட்டில் கொதிக்க வேண்டும். சாதாரண நாளில் கண் இமைப்பதற்குள் கொதித்து விசிலடிக்கிற கெட்டில், அன்றைக்கு யோசித்து யோசித்துக் கொதித்தது. அத்தான் அதன் பக்கத்தில் நின்று அதை மிரட்டினார். ஒருவழியாக அக்கா அதைக் கொண்டுவந்து கொடுக்க, சின்னவள் கீறல்களின் மேல் மெல்ல ஊற்றினாள். ஆவி எழுந்தது. வெந்நீர் ஓடிய இடத்திலெல்லாம் கீறல்கள், தப்பு செய்த பிள்ளைகள் வாத்தியாரைக் கண்டதும் கலைகிற மாதிரிக் கலைந்து போயின. பானெட்டில் மறுபடியும் கருநீல வானம்.

“பெயிண்ட்ல கீறல் விழுந்தா போகாதுங்க ஐயா. ஃபிலிம்ல விழுந்ததுனாலதான் சூடு பட்டதும் போச்சு,” என்றாள் சின்னவள்.

வைரக்கடைக்காரர் எழுந்து வந்து லென்ஸை மாட்டிப் பார்த்தார். ஃபிலிம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். சின்னவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். ஆனால் அவர் சாவியை வாங்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“எனக்குத் தெரிஞ்சா போதுமா? என் பங்காளிங்க வருவாங்க, வியாபாரிங்க வருவாங்க. ஃபிலிம் போட்டிருக்கேன்னா, எங்கே காட்டுன்னுவாங்க. வர்றவன் போறவன் முன்னாடியெல்லாம் பிரஷ்ஷும் வெந்நீருமா நிக்க முடியுமா என்னால? அதனால, அம்மா, கோவிச்சுக்காதே. ஒரே ஒரு குமிழி மட்டும் வெச்சுக் குடுத்துடு.”

அத்தான் கைதட்டிவிட்டார். குறை சொல்லியாயிற்று, பந்தயம் முடிந்தது என்றார். எங்கே சொன்னார், குறையே இல்லை என்றுதானே சொல்கிறார் என்றாள் சின்னவள். குறையில்லை என்பதும் ஒரு குறைதான், வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்துவிட்டதே என்று அத்தான் வழக்காடினார். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துரத்தியடித்த குமிழியை இப்போது அவளே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டுமாம். என் கையால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெரிய கடைக்குப் போவதென்றால் போகிறேன், ஆனால் இதைச் செய்யமாட்டேன் என்றாள்.

அக்கா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“அவ வெக்க வேண்டாம். குமிழி யாரோட தொழிலோ அவரே வெக்கட்டும்,” என்று புருஷனைக் கை காட்டினாள். “அந்த ஃபிலிமைக் கிழிக்காம, ஓட்டை போடாம, ஓரத்தைத் தூக்கி ஒரு குமிழி வெச்சிட்டீங்கன்னா அறை உங்களுக்கு. முடியலைன்னா அவளுக்கு.”

இதென்ன பிரமாதம் என்று அத்தான் சட்டைக் கையை மடித்தார். ஓரத்தைக் கொஞ்சம் சூடுகாட்டி, நகத்தால் நெம்பி, ஒரு சொட்டுக் காற்றை உள்ளே விட்டு அமுக்கினால் குமிழி. அரை நிமிஷ வேலை. அவர் பானெட்டின் முனையில் நகத்தை வைத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பானெட்டைத் தூக்கி அடிப்பக்கம் தடவினார். ஓரம் எங்கேயோ இருந்துதான் ஆக வேண்டும். எங்கே என்றுதான் தெரியவில்லை. கதவைத் திறந்து இடுக்கில் தடவினார். விளக்கின் பின்னால் விரலை விட்டார். விரல் மாட்டிக்கொண்டு, அக்கா சோப்புத் தண்ணீர் தெளித்து எடுத்துவிட வேண்டியதாயிற்று.

மூக்குக்கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். தரையில் மல்லாக்கப் படுத்துக் காருக்குக் கீழே போனார். கொஞ்ச நேரம் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன; அந்தக் கால்களிலேயே குழப்பம் தெரிந்தது. வெளியே வந்து, ஐயா, அந்த லென்ஸைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முட்டிபோட்டுக் காரைச் சுற்ற ஆரம்பித்தார். அப்பம் கருகுகிறதே என்று பேக்கரிக்காரருக்கு நினைவு வந்தும் போக மனமில்லை. மதியம் சாய்ந்து வெயில் வாசலுக்கு வந்தது. அத்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக ஃபிலிம் ஒட்டிய மனுஷன், காதைப் பானெட்டில் வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தார், உள்ளேயிருந்து ஓரம் ஏதாவது பேசுமா என்று.

வைரக்கடைக்காரர் முதலில் கவலையோடு பார்த்தார். அப்புறம் சிரிப்போடு. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எழுந்திருங்க தம்பி. எனக்குக் குமிழி வேண்டாம். வர்றவன்கிட்டெல்லாம் இதையே சொல்லிக்கறேன். கடைக்காரரே முட்டி தேய மத்தியானம் பூரா தேடியும் கிடைக்கலைன்னு.”

அத்தான் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது என்று பின் சக்கரத்தை நோக்கி நகர்ந்தார். அக்கா போய்க் கையைப் பிடித்து எழுப்பினாள். முட்டி இரண்டும் தரையைப் போலவே பளபளத்தன. அவர் சின்னவளைப் பார்த்தார். முகத்தில் கோபமிருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள்; இருந்தது வேறு. தின்பண்டத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியாத சின்னப்பிள்ளையின் முகம்.

“எங்கேதான்டி மடிச்சே?” என்றார்.

“ஃபிலிம் அறை என்னதுன்னு சொல்லுங்க, சொல்றேன்.”

“உன்னதுதான், உன்னதுதான். எங்கேன்னு சொல்லித் தொலை.”

வைரக்கடைக்காரர் காருக்குள் இறங்கி, விரித்த துண்டின் மேல் கவனமாக உட்கார்ந்து, உறுமிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை அவர் சிரிப்புச் சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. அத்தான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம் நின்று, உள்ளே போகலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் அவர் காலைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்றதில் சட்டையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். முதலில் போய்த் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

தலையில் முடியே இல்லையே, எதைக் கட்டுவது என்று அத்தான் கேட்டார். இந்த அறையில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று சொல்லி, சின்னவள் ஒரு துணியை நீட்டினாள்.